மாத்திரையின் வேலை

என் மருமகளைப் பற்றி நான் நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் எங்கள் தெருவில் யாரும் நம்ப மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள் நான். பிள்ளைகளை அதட்டி அதட்டி, அன்பாகப் பேசினாலும் எனக்கு அதட்டலாகத்தான் வரும். ஜெயம்மாள் வாயிலிருந்து பாராட்டு வருவதும் சித்திரை மாதம் கோமுகி அணை நிரம்பி வழிவதும் ஒன்றுதான் என்று என் கொழுந்தனார் அய்யனார் கேலி செய்வார். செய்துவிட்டுப் போகட்டும். இசைவாணியைப் பற்றி நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்? அவள் அம்மா சொன்னால் பெற்ற பாசம் என்பார்கள். மாமியார் சொன்னால்தான் மதிப்பு.

எங்கள் ஊர் கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கிறது. எங்களுக்கு நிலம் கிடையாது. எங்களைப் போன்ற வீடுகளில் வயசுப் பையன்கள் பாதிப் பேர் போர் வண்டிக்குத்தான் போகிறார்கள். ஆழ்துளைக் கிணறு போடுகிற அந்தப் பெரிய லாரியில் ஏறிச் சத்தீஸ்கர், ஒடிசா என்று காடு மேடெல்லாம் சுற்றுவார்கள். வேலை நடக்கிற இடத்திலேயே சோறாக்கித் தின்று, வண்டிக்கு அடியிலேயே படுத்துக்கொள்வார்கள். என் மகன் தமிழழகனும் அப்படிப் போனவன்தான்.

போன வருஷம் மழைக்காலம் தொடங்குகிற நேரத்தில் சத்தீஸ்கரில் அவனுக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது. பக்கத்து ஊரில் ரத்தம் எடுத்துப் பார்த்து, மலேரியா என்று சொல்லி, மூன்று நாளைக்குச் சாப்பிட ஓர் அட்டை மாத்திரையும், ஒரே வேளையில் விழுங்கத் தனியாகச் சில சின்ன மாத்திரைகளும் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தவர்கள் விவரமாகவே சொன்னார்களாம். அட்டை காய்ச்சலுக்கு. சின்ன மாத்திரை காய்ச்சலுக்கு இல்லை. இவனைக் கடிக்கிற கொசு இவன் ரத்தத்திலிருந்து நோயை எடுத்துக்கொண்டுபோய் அடுத்தவனுக்குக் கொடுக்காமல் இருப்பதற்கு.

அட்டையை ஒழுங்காக முடித்தான். சின்ன மாத்திரையை என்ன செய்தான் தெரியுமா? போர் வண்டிக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். யாருக்கு உடம்பு சரியானாலும் மிச்ச மாத்திரையை அதில் போட்டுவிடுவார்கள். நடுக்காட்டில் அடுத்து எவனாவது படுத்தால் டாக்டருக்கு எங்கே போவது? அந்த டப்பாதான் அவர்களுக்கு ஆஸ்பத்திரி. தன் மாத்திரையைத் தானே வைத்துக்கொள்கிறவனை மற்றவர்கள் மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். இவனும் பெரிய மனசு பண்ணி அந்தச் சின்ன மாத்திரைகளை டப்பாவில் போட்டுவிட்டு, அங்கே மழையால் வேலை நின்றதும் ஆவணியில் ஊர் வந்து சேர்ந்தான். தெம்பாகத்தான் இருந்தான். காற்றுக்காக வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுச் சட்டையில்லாமல் தூங்கினான். ஊர்க் கொசுவுக்கெல்லாம் விருந்து.

இசைவாணி அப்போது ஐந்து மாதம் முழுகாமல் இருந்தாள். தலைச்சன் பிள்ளை. அவள் அம்மா வீடு மலைமேல், கரியாலூரைத் தாண்டி ஒரு சின்ன ஊர். ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு அம்மா வீட்டுக்குப் போக வேண்டும் என்பதே அவளுக்கு நினைப்பு. ஒரு துணிப்பையில் புடவைகளை மடித்து வைத்து ஆணியில் மாட்டியிருந்தாள். "இன்னாமே, இப்பவே வண்டி ஏறப் போறியா? இங்க உனக்கு முள்ளா குத்துது?" என்று நான் கேட்பேன். சிரித்துக்கொண்டே போய்விடுவாள், ஆனால் பையை மட்டும் இறக்க மாட்டாள்.

புரட்டாசிக் கடைசியில் அவளுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. முதலில் நான் கஷாயம் போட்டுக் கொடுத்தேன். மறுபடி வந்தபோது அவள் நடுங்கிய நடுக்கத்தில் கட்டில் கால் தரையில் தாளம் போட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே ரத்தத்தைப் பார்த்ததும் கள்ளக்குறிச்சிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பை டாக்டரம்மா குழாயைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரம் நான் எந்தச் சாமியையும் விட்டுவைக்கவில்லை. நல்ல வேளை, மருந்து கேட்டது. தாயும் பிள்ளையும் தப்பித்தார்கள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் நர்ஸ் சந்தியா வந்தாள். எங்கள் பகுதிக்கு அவள்தான் நர்ஸ். தெருவில் எல்லோருக்கும் விரலில் குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டு போனாள். மற்ற யாருக்கும் ஒன்றுமில்லை. இசைவாணி ரத்தத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது; அவளைத் தவிர, காய்ச்சலே இல்லாமல் கல்லுக்குண்டாக இருந்த தமிழழகன் ரத்தத்தில் மட்டும் நோயின் விதை இருந்தது. சோதனை முடிவோடு திரும்பி வந்த சந்தியா கேட்கக் கேட்க டப்பாக் கதை வெளியே வந்தது.

"அது எனக்கில்லன்னு அவுங்களே சொல்ட்டாங்க. அப்போ காய்ச்ச வர்றவனுக்கு ஒதவட்டும்னு போட்டேன்ம்மா" என்றான்.

என் கையில் அப்போது சாம்பார்க் கரண்டி இருந்தது. முதுகில் ஒன்று வைத்தேன். தப்பு செய்ய வேண்டும் என்று செய்யவில்லை, நல்லது என்று நினைத்துத்தான் செய்தான். அதனால் ஒரு அடியோடு விட்டேன்.

சந்தியா அவனுக்கு அந்தச் சின்ன மாத்திரைகளைக் கொடுத்து, தன் கண் எதிரிலேயே விழுங்க வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இசைவாணியும் உள்ளங்கையை நீட்டினாள்.

"உனக்குக் கெடையாதும்மா" என்றாள் சந்தியா. "வயித்துல புள்ள இருக்கறப்போ இதக் குடுக்கக் கூடாது. புள்ள ரத்தத்துக்கு ஆவாது."

"அப்போ என் ரத்தத்துல இருக்கறது?"

"உன் காய்ச்ச போயிடுச்சு. மிச்சம் இருக்கற வித உன்ன ஒண்ணும் செய்யாது. லேப்ல கண்ணாடி வெச்சுப் பாத்தா சின்னச் சின்னப் பிறை மாதிரி தெரியும். கொஞ்ச வாரத்துல தானா செத்துடும். அதுக்குள்ள உன்னக் கடிக்கற கொசுதான் அத வேற ஆளுக்குக் கொண்டுபோவும்."

இசைவாணி நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "அப்போ கொசு என்னக் கடிக்காம பாத்துக்கினா, அந்த மாத்திர செய்ய வேண்டிய வேல முடிஞ்சிடும். அப்டித்தானங்க?"

"ஆமாம்மா. அப்டித்தான்."

"சரிங்க. அந்த வேலய நான் பாத்துக்கறேன்."

ஏதோ கடைக்குப் போய் உப்பு வாங்கி வருகிறேன் என்பதுபோலச் சொன்னாள். நானும் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் மாடுகள் திரும்புகிற நேரத்துக்கே முன்கூடத்தில் கொசுவலையைக் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இந்த நோயைப் பரப்புகிற கொசு பொழுது சாய்ந்ததிலிருந்து விடிகிற வரைக்கும்தான் கடிக்கும் என்று சந்தியா சொல்லியிருந்தாள். பகலெல்லாம் இசைவாணி எப்போதும்போல வீட்டு வேலை செய்வாள். பொழுது சாயும்போது வலைக்குள் போனால் விடிந்துதான் வெளியே வருவாள். சாப்பாடு வலைக்கு அடியில் போகும். காய் நறுக்குவது, தலை பின்னுவது, டிவி பார்ப்பது எல்லாம் உள்ளேதான். ராத்திரி ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் உடம்பு முழுக்கப் போர்வையைச் சுற்றிக்கொண்டு கிளம்புவாள். வயிற்றுப் பிள்ளைக்காரி, அடிக்கடி போகத்தானே வேண்டும். தமிழழகன் பின்னாலேயே துண்டை வீசிக்கொண்டு நடப்பான். சாமி ஊர்வலத்தில் சாமரம் வீசுகிறவன்கூட அவ்வளவு பயபக்தியோடு வீச மாட்டான். நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. எங்கள் தெருவுக்கு உயிர் வருவதே பொழுது சாய்ந்த பிறகுதான். கூலி வேலை முடிந்து வந்த பெண்களெல்லாம் வாசலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவோம். என் மருமகள் மட்டும் கூண்டுக் கோழி மாதிரி உள்ளே உட்கார்ந்திருந்தால் பார்க்கிறவர்கள் என்னைத்தானே சொல்வார்கள்?

ஒரு நாள் சாயங்காலம் கரண்டு போய்விட்டது. ஐப்பசிப் புழுக்கம். மழை வருகிற மாதிரி வானம் மூடிக்கொண்டு, கடைசியில் பெய்யாமல் ஏமாற்றிய நாள். மின்விசிறி நின்றதும் வலைக்குள் காற்றே இல்லை. அவள் முகத்திலும் கழுத்திலும் வேர்வை வழிந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"கொஞ்ச நேரம் வாசல்ல வந்து குந்துமே. இங்க யாரு பாத்துக்கினு இருக்காங்க?"

"கொசு பாத்துக்கினு இருக்கும் அத்த" என்றாள்.

"ஒரு தபா கடிச்சா இன்னா ஆயிடும்?"

அவள் எதிர் வாசலைக் காட்டினாள். அங்கே அய்யனாரின் பேத்தி, இப்போதுதான் தவழக் கற்ற குட்டி, உடம்பில் பொட்டுத் துணி இல்லாமல் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது.

நான் வாயை மூடிக்கொண்டேன். என்னை அப்படி வாயை மூட வைத்தவர்கள் ரொம்பக் கம்மி. விசிறியை எடுத்துக்கொண்டு நானும் வலைக்குள் நுழைந்து அவளுக்கு வீச ஆரம்பித்தேன். ஒரு மடக்குத் தண்ணீரில் முடிந்திருக்க வேண்டிய வேலை அது. என் மகன் அதைக்கூடச் செய்யவில்லை. இவள் வாரக்கணக்கில், பிள்ளையையும் சுமந்துகொண்டு, வேர்த்து விறுவிறுத்துச் செய்கிறாள். இதில் அவளுக்கு என்ன லாபம்? அவள் காய்ச்சல்தான் போய்விட்டதே! வெளியே வந்து உட்கார்ந்திருந்தால் ஒருவரும் அவளைக் குற்றம் சொல்லியிருக்க முடியாது. கரண்டு வந்த பிறகும் நான் கொஞ்ச நேரம் வீசிக்கொண்டே இருந்தேன்.

வாரம் ஒரு தடவை சந்தியா வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போவாள். வளைகாப்புக்கு நாள் குறித்தாயிற்று. அதற்குள் சரியாகிவிடும் என்று எல்லோரும் நம்பினோம். ஆணியில் மாட்டிய பையை இறக்கி, புடவைகளை உதறி மறுபடி மடித்து வைத்தாள் இசைவாணி. வளைகாப்புக்கு முதல் நாள் சந்தியாவிடமிருந்து போன் வந்தது. "முன்னவிட கம்மியாத்தான் இருக்குது. ஆனா இன்னும் இருக்குது" என்றாள்.

இசைவாணி பையைக் கொண்டுபோய்த் திரும்ப ஆணியில் மாட்டினாள். அன்று ராத்திரி அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

வளைகாப்பு காலையிலேயே நடந்தது. பகல் என்பதால் வலைக்கு வேலையில்லை. சம்மந்தி பச்சையம்மாள் மலையிலிருந்து ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்களோடும், தேனும் சாமை அரிசியுமாகவும் வந்து இறங்கினார். சந்தனம் பூசி, பச்சையும் சிவப்புமாக முழங்கை வரைக்கும் வளையல் அடுக்கி, புளிசாதம், தேங்காய்சாதம், தயிர்சாதம் எல்லாம் பரிமாறி முடித்தோம். சாப்பிட்ட கையோடு வேன்காரர் வண்டியைத் திருப்பி நிறுத்தினார். பச்சையம்மாள் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "வா கண்ணு, பொழுதோட மல ஏறிடலாம்" என்றார்.

"நான் வர்லம்மா" என்றாள் இசைவாணி.

பச்சையம்மாள் முகம் விழுந்துவிட்டது. "ஏம்மா? நான் இன்னா கொற வெச்சேன்?" என்று கேட்டவர், என் பக்கம் திரும்பினார். "சம்மந்தி வுட மாட்டேன்றாங்களா?"

கூடியிருந்தவர்கள் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். என் வாய் அப்படிப்பட்ட வாய் அல்லவா, யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். எனக்கு நெஞ்சு கொதித்தது. எத்தனை பேர் இருந்தாலென்ன, ஒரு பிடி பிடித்துவிடலாம் என்று நான் எழுந்தபோது, இசைவாணி எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அத்தய ஒண்ணும் சொல்லாத. என் ரத்தத்துல இன்னும் மலேரியா வித இருக்குதும்மா" என்றாள், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி.

அவளுக்குக் காய்ச்சல் வந்து போனது எல்லோருக்கும் தெரியும். மிச்சம் இருப்பது எங்கள் வீட்டையும் சந்தியாவையும் தவிர யாருக்கும் தெரியாது. சொல்லாமலே இருந்திருக்கலாம். உடம்பு முடியவில்லை என்று ஒரு சாக்குச் சொல்லியிருந்தால் போதும். வளையல் போட்டுவிட்ட பெண்களில் ஒன்றிரண்டு பேர் மெதுவாகத் தங்கள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

"தொட்டா ஒட்டாது. என்னக் கடிக்கற கொசு உங்களக் கடிச்சாதான் வரும்" என்றாள் அவர்களைப் பார்த்து. பிறகு அம்மாவிடம் சொன்னாள்: "நம்ம வூட்டுக்குப் பின்னால ஓட இருக்குது. மல ஓடக் கொசுதான் இதுக்கு ஜாஸ்தி பொல்லாததாம். அக்கா புள்ளைங்கோ எல்லாம் ஒரே ரூம்ல படுக்குதுங்கோ. வல கட்டினாலும் ஒரு கொசு நொழஞ்சாப் போதும்மா. நம்ம ஊருக்கு என் கையால அதக் கொண்டுபோயி வைக்க என்னால ஆவாது. எனக்கு மட்டும் வர ஆசயில்லயா?"

அதுவரைக்கும் திடமாகத்தான் பேசினாள். கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. வந்திருந்த பெரியவர்களில் சிலர் அந்தக் காலத்தில் மலைக்காய்ச்சலில் சொந்தங்களைப் பறிகொடுத்தவர்கள். அவர்கள் தலையை ஆட்டினார்கள்.

பச்சையம்மாளுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அவருக்கு வேறொரு கவலை. "வளையல் போட்ட பொண்ணு அன்னிக்கி ராத்திரி புருஷன் வூட்ல தங்கக் கூடாதே. தலச்சன் புள்ளயாச்சே!" என்று அழுதார். உடனே ஆளுக்கு ஒன்று சொல்ல ஆரம்பித்தார்கள். மலைமேல் போய் வலை கட்டிக்கொள்ளலாம் என்றார் ஒருவர். கோயிலில் படுக்கட்டும் என்றார் இன்னொருவர். சாஸ்திரம் பார்த்தால் முடியுமா என்று ஒருவர் கேட்க, பார்க்காமல் முடியுமா என்று மற்றொருவர் சண்டைக்கு வந்தார். நடுவில் இசைவாணி இரண்டு கை நிறைய வளையலோடு தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். யாருக்காக அவள் வலைக்குள் கிடந்தாளோ அவர்கள்தான் அவளைச் சுற்றி நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் இடுப்பில் செருகியிருந்த வீட்டுச் சாவியை உருவிப் பச்சையம்மாள் கையில் வைத்தேன்.

"இந்தாங்க சம்மந்தி. இந்த நிமிஷத்துலேர்ந்து இது உங்க வூடு. உங்க பொண்ணு அவ அம்மா வூட்டுக்கு வந்துட்டா. நானும் எம் மவனும் எதிர்ல அய்யனாரு வூட்ல படுத்துக்கறோம். அவ ரத்தம் சுத்தமாற வரைக்கும் நீங்கதான் இங்க வூட்டுக்காரங்க. அடுப்பு மட்டும் கொஞ்சம் பொகையும், பாத்துக்கோங்க."

பச்சையம்மாள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டார். எனக்கு இந்த அழுகையெல்லாம் ஒத்துவராது. தலையணையை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, என் மகனைப் பிடரியில் ஒரு தட்டுத் தட்டி முன்னால் நடக்கவிட்டு, தெருவைக் கடந்து போனேன். வாசலில் நின்ற அய்யனார், "இன்னா அண்ணி, மருமவ தொரத்திட்டாளா?" என்றார். அவருக்கும் அன்றைக்கு நல்லதாக நாலு வார்த்தை கிடைத்தது.

அதன் பிறகு என் வீட்டுக்கு நானே விருந்தாளியாகப் போய் வந்தேன். வாசலில் நின்று குரல் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே நுழைவேன். பச்சையம்மாள் காபி கொடுப்பார். சர்க்கரை கம்மி என்று நான் குறை சொல்வேன். பொழுது சாய்ந்தால் அம்மாவும் பெண்ணும் வலைக்குள் போய்விடுவார்கள். அங்கிருந்து வளையல் சத்தமும் சிரிப்புச் சத்தமும் தெருவைத் தாண்டி எனக்குக் கேட்கும். தமிழழகன் தன் டிரைவர் சின்னதுரைக்குப் போன் போட்டு, டப்பாவிலிருந்த சின்ன மாத்திரைகளை எடுத்து வைக்கச் சொன்னான். அவை போட்டபடியே கிடந்தனவாம். அடுத்த தடவை எவனுக்கு இதைக் கொடுத்தாலும், விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டினால்தான் வண்டியில் ஏற்றுவது என்று இருவருமாக முடிவு செய்தார்கள்.

கார்த்திகை பிறந்த பிறகு ஒரு நாள் சந்தியா நேரிலேயே வந்தாள். போன வாரமும் ஒன்றும் தெரியவில்லை, இந்த வாரமும் ஒன்றும் தெரியவில்லை, ரத்தம் சுத்தமாகிவிட்டது என்றாள். சொல்லிவிட்டு இசைவாணியைக் கட்டிக்கொண்டாள். மறுநாள் காலையில் வேன் வருவதாக ஏற்பாடு. பச்சையம்மாள் சாவியை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் மாடுகள் திரும்புகிற நேரத்தில் இசைவாணி வாசலுக்கு வந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு, பொழுது சாய்கிற நேரத்தில் வானத்துக்கு அடியில் நின்றாள். தெருப் பெண்கள் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். அய்யனாரின் பேத்தி தவழ்ந்து வந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டது. அவள் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவ்வளவு வயிற்றில் மடி எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்போது ஒரு கொசு வந்து, வளையல் முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே, அவள் கையில் உட்கார்ந்தது. பழக்க தோஷத்தில் எல்லோரும் பதறிப்போனோம். அவள் மட்டும் அசையவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கட்டும் அத்த. குடிச்சிட்டுப் போவட்டும்" என்றாள். "இனிமே அதுங்கிட்ட குடுத்தனுப்ப எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

அவளுக்கு இருக்கிற பெரிய மனசு எனக்குக் கிடையாது. ஓங்கி ஒரு அடி போட்டேன். வளையலெல்லாம் குலுங்க, அவள் மடியிலிருந்த குழந்தை கைகொட்டிச் சிரித்தது.